தள்ளாத வயதில் பிடிபடும் போர்க்குற்றவாளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் நூறு வயதை எட்டிய ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்து நீதிமன்றத்துக்குள் தள்ளிவரும் படம் அண்மைக் காலம் வரை செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்தது. அத்தகைய செய்தியைப் படிக்கும் எவருக்கும் எழக்கூடிய கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை நாஜி ஜெர்மனியின் குற்றங்களைப் பற்றியவை. ருவாண்டா, முன்னாள் யுகோஸ்லாவியா ஆகியவற்றைப் பற்றியும் பின்பகுதியில் பேசியிருக்கிறேன்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு தேடப்படுபவர்கள் யார்?

தலைவர்கள் எவரும் இப்போது உயிரோடு இல்லை. 1945இல் நாற்பது வயதில் முகாம் தளபதியாக இருந்தவர் என்றோ இறந்திருப்பார். அண்மை ஆண்டுகளில் வழக்கைச் சந்தித்தவர்கள் போர் முடிந்தபோது பதினேழு முதல் இருபத்து மூன்று வயது வரை இருந்தவர்கள். வதை முகாம்களின் காவல் கோபுரங்களில் துப்பாக்கியோடு நின்றவர்கள், கைதிகளை ரயிலிலிருந்து இறக்கிய இடத்தில் பணியில் இருந்தவர்கள், அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர்கள் ஆகியோரே அவர்கள். பெரிய மீன்கள் தப்பிவிட்ட பிறகு சிறு மீன்களைப் பிடிக்கிறார்களே என்று சிலர் குறைபடுவதுண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் பெரியவர்களைத் தப்பவிட்ட காலத்தின் மீது திரும்ப வேண்டுமே தவிர, இன்று வேலை செய்யும் வழக்கறிஞர்கள் மீது திரும்பக் கூடாது.

இவர்கள் உண்மையிலேயே ஒளிந்து வாழ்ந்தார்களா?

சிலர் வாழ்ந்தார்கள். யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒருங்கிணைத்த அடால்ஃப் ஐக்மன், ரிக்கார்டோ கிளெமெண்ட் என்ற பெயரில் புவனோஸ் ஐரிஸ் நகரின் புறப்பகுதியில் குடியிருந்தார். பிரான்ஸின் லியோன் நகரில் கெஸ்டபோ என்ற நாஜி இரகசியக் காவல்துறையின் அதிகாரியாக இருந்த கிளவுஸ் பார்பி, பொலிவியாவில் கிளவுஸ் ஆல்ட்மன் ஆனார். அவுஷ்விட்ஸ் முகாமின் மருத்துவர் யோசப் மெங்கலே தென் அமெரிக்காவில் பல பெயர்களில் இடம் மாறிக்கொண்டே இருந்தார்.

ஆனால் இந்த மூவரையும் வைத்து மற்றவர்களை எடை போடக் கூடாது. சோபிபோர், ட்ரெப்ளிங்கா ஆகிய கொலை முகாம்களின் தளபதியாக இருந்த ஃபிரான்ஸ் ஸ்டாங்கல், பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் தம் சொந்தப் பெயரிலேயே வாழ்ந்தார். ஆஸ்திரியத் தூதரகத்தில் அதே பெயரில் பதிவு செய்திருந்தார். ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1967இல்தான் அவர் கைதானார். ரோம் நகருக்கு அருகே அர்டியாட்டைன் குகைகளில் 1944 மார்ச் 24 அன்று 335 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வில் பங்கேற்ற எரிக் ப்ரீப்கே, அர்ஜென்டினாவின் பாரிலோச்சே நகரில் ஜெர்மன் பள்ளிச் சங்கத்துக்குத் தலைவராகவே இருந்தார். 1994இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் தெருவில் அவரை மறித்துக் கேட்டபோது, தாம் அங்கே இருந்ததை அவர் மறுக்கவில்லை.

ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட ஆயிரக்கணக்கானோருக்கு ஒளியவேண்டிய தேவையே எழவில்லை. அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள், அலுவலகம் போனார்கள், ஓய்வூதியம் வாங்கினார்கள். அக்கம்பக்கத்தாருக்கு அவர்களுடைய பெயர் தெரியும். கடந்த காலத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த விவகாரத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுதான்: குற்றவாளிகளின் சாமர்த்தியத்தைவிட, தேடவேண்டியவர்களின் அசட்டையே அவர்களை நீண்ட காலம் காப்பாற்றியது.

வெளிநாடு சென்றவர்கள் எப்படித் தப்பினார்கள்?

போர் முடிந்த ஐரோப்பாவில் கோடிக்கணக்கான அகதிகள் அலைந்துகொண்டிருந்தார்கள். அடையாளச் சான்று இல்லாதவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் பயண ஆவணம் வழங்கியது. அதைப் பெற, விண்ணப்பிப்பவர் சொல்லும் பெயரும் யாரேனும் ஒருவரின் பரிந்துரையும் பெரும்பாலும் போதுமானதாக இருந்தன. ஆஸ்திரியாவிலிருந்து மலைவழியாக இத்தாலிக்குள் நுழைந்து, ஜெனோவா துறைமுகத்தில் கப்பலேறி அர்ஜென்டினாவுக்குப் போவது பலரும் பயன்படுத்திய வழி. ரோமில் இருந்த ஆஸ்திரிய ஆயர் அலோய்ஸ் ஹூடால் பலருக்கும் உதவினார். ஸ்டாங்கல் அவர்களில் ஒருவர். அர்ஜென்டினாவின் பெரோன் அரசு அவர்களை விரும்பியே வரவேற்றது.

வல்லரசுகளும் கைகழுவிவிட முடியாது. பார்பியை அமெரிக்க இராணுவ உளவுப் பிரிவு கூலிக்கு வைத்திருந்தது. பிரான்ஸ் அவரைத் தேடியபோது தென் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்ததும் அதே பிரிவுதான். 1983இல் அமெரிக்கா இதற்காகப் பிரான்ஸிடம் முறைப்படி வருத்தம் தெரிவித்தது.

யார் தேடுகிறார்கள்?

இதில் முதன்மையானது ஜெர்மனியின் லுட்விக்ஸ்புர்க் நகரில் 1958 முதல் இயங்கிவரும் நாஜிக் குற்றங்களுக்கான மத்தியப் புலனாய்வு அலுவலகம். அது பிறந்த கதையே பாடமாக இருக்கிறது. லிதுவேனிய எல்லைப் பகுதியில் யூதர்களைச் சுட்டுக் கொன்ற பிரிவில் இருந்த முன்னாள் காவல்துறைத் தலைவர் ஒருவர், போருக்குப் பின் உல்ம் நகரில் அகதி முகாம் ஒன்றின் பொறுப்பாளராக இருந்தார். அந்த வேலை பறிபோனதும், தம்மை அரசுப் பணியில் மீண்டும் சேர்க்கக் கோரி அவரே வழக்குப் போட்டார். நாளிதழில் அந்தச் செய்தி வந்ததால்தான் அவருடைய பழைய அடையாளம் வெளிப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த 1958ஆம் ஆண்டின் உல்ம் வழக்கில் பத்துப் பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். எத்தனையோ கொலைகள் தற்செயலாக மட்டுமே வெளிவருகின்றன என்ற அதிர்ச்சியில்தான் மாநில அரசுகள் இந்த அலுவலகத்தை அமைத்தன.

அரசுக்கு வெளியே இருந்தவர்களின் உழைப்பைச் சொல்லாமல் விட முடியாது. முகாம்களிலிருந்து உயிர் தப்பிய சைமன் வீசந்தால் முதலில் லின்ஸ் நகரிலும் பிறகு வியன்னாவிலும் ஆவண மையம் நடத்தி, பல பத்தாண்டுகள் பெயர்களைத் திரட்டினார். பிரான்ஸில் செர்ஜ், பியாட்டே க்ளார்ஸ்ஃபெல்ட் தம்பதியர் பார்பியை அடையாளம் காட்டினார்கள். வீசந்தால் பெயரைத் தாங்கிய அமைப்பின் எஃப்ராயிம் சுரோஃப் 2002இல் ‘கடைசி வாய்ப்பு’ என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். 2013இல் பெர்லின், ஹாம்புர்க், கொலோன் நகரங்களின் தெருக்களில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. தகவல் தருவோருக்கு 25,000 யூரோ வரை வெகுமதி அறிவிக்கப்பட்டது.

ஒருவரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

துரத்தலும் மாறுவேடமும் நிறைந்த வேலையாகப் பலர் இதைக் கற்பனை செய்கிறார்கள். நடைமுறையில் இது பெரும்பாலும் காகித வேலை. லுட்விக்ஸ்புர்க் அலுவலகம் முன்பு பெண்கள் சிறையாக இருந்த கட்டடத்தில் இயங்குகிறது. அங்கே ஏறக்குறைய 17 லட்சம் அட்டைகள் பெயர், இடம், படைப்பிரிவு வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு முகாமின் சம்பளப் பட்டியல், சீருடை வழங்கிய பதிவேடு, மருத்துவமனைக் குறிப்பு, இடமாற்ற ஆணை என எதில் ஒரு பெயர் வந்தாலும் அதை அட்டையோடு ஒப்பிடுகிறார்கள். பிறந்த தேதி கிடைத்தால், அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா, எந்த ஊரில் இருக்கிறார் என்று குடியிருப்புப் பதிவேடுகளில் பார்க்கிறார்கள். நூறு பெயர்களில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் எதிரே ‘இறந்துவிட்டார்’ என்றே பதில் வரும். தென் அமெரிக்க நாடுகளின் குடியேற்றப் பதிவேடுகளையும் இதே பொறுமையோடு புரட்டியிருக்கிறார்கள். ஆள் கிடைத்ததும் கோப்பை உரிய பகுதியின் அரசு வழக்கறிஞரிடம் ஒப்படைப்பதோடு லுட்விக்ஸ்புர்க்கின் அதிகாரம் முடிந்துவிடும்.

ஓர் அட்டையின் பயணத்தைச் சொல்கிறேன். 1945 மே 3 அன்று லியூபெக் வளைகுடாவில், வதை முகாம் கைதிகளை ஏற்றியிருந்த கப்பல்களை எதிரிப் படைக் கப்பல்கள் என்று தவறாக எண்ணிப் பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கின. கைதிகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். மூழ்கிய கப்பல்களில் ஒன்று சில ஆண்டுகள் கழித்து மீட்கப்பட்டபோது, உள்ளே நொயங்காமே முகாமின் ஆவணங்கள் இருந்தன. அவற்றில் ஃபிரீட்ரிக் கார்ல் பெர்கர் என்ற காவலரின் பணி விவரம் கொண்ட அட்டையும் ஒன்று. 1959 முதல் அமெரிக்காவில் வாழ்ந்துவந்த அவரை, அந்த அட்டையையும் ஒரு சான்றாகக் கொண்டு டென்னசி மாநிலத்திலிருந்து 2021 பிப்ரவரியில் வெளியேற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 95.

காகிதம் இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள்?

குடும்பத்தைக் கவனிப்பார்கள். வயதானவர் தனியாக ஒளிந்திருக்க முடியாது; மருந்து வேண்டும், வாடகை வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ருவாண்டாவில் துட்சி இன மக்கள் கொல்லப்பட்ட 1994ஆம் ஆண்டின் இனப்படுகொலைக்குப் பண உதவி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஃபெலிசியன் கபுகா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமறைவாக இருந்தார். அவருடைய பிள்ளைகளின் தொலைபேசித் தொடர்புகள் பாரிஸ் நகரை ஒட்டிய ஒரே பகுதியில் மீண்டும் மீண்டும் குவிவதைப் புலனாய்வாளர்கள் கவனித்தார்கள். 2020 மே 16 அன்று, கொரோனா ஊரடங்குக் காலத்தில், அஸ்னியேர் என்ற இடத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வேறு பெயரில் இருந்த அவர் பிடிபட்டார்.

ஜெர்மன் நீதிமன்றங்கள் இத்தனை காலம் ஏன் காத்திருந்தன?

இந்தக் கேள்விக்குச் சற்று நீண்ட பதில் தேவைப்படுகிறது.

போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியின் நீதித்துறையில் நாஜிக் காலத்தின் நீதிபதிகளே ஏராளமாக இருந்தார்கள். ஹெஸ்ஸன் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பவருக்கு, ஐக்மன் அர்ஜென்டினாவில் இருப்பது பற்றி 1957இல் தகவல் கிடைத்தது. சொந்த நாட்டு அதிகாரிகளிடம் சொன்னால் செய்தி ஐக்மனுக்குக் கசிந்துவிடும் என்று அஞ்சிய அவர் அதை இஸ்ரேலிடம் கொடுத்தார். அதன் விளைவாகவே 1960 மே மாதம் ஐக்மன் பிடிபட்டு, ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டு, 1962இல் தூக்கிலிடப்பட்டார். ஓர் அரசு வழக்கறிஞர் தம் அரசையே நம்ப முடியாத நிலை அது.

பவரின் முயற்சியால் 1963இல் ஃபிராங்ஃபர்ட்டில் அவுஷ்விட்ஸ் வழக்கு தொடங்கியது. முகாமே ஒரு கொலை இயந்திரம். அதை இயக்கிய ஒவ்வொருவரும் கொலைக்கு உடந்தை என்பது அவர் வாதம். நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. எந்த நாளில், எந்த இடத்தில், யாரைக் கொல்வதில் குற்றம் சாட்டப்பட்டவர் என்ன செய்தார் என்று தனித்தனியாக நிறுவ வேண்டும் என்பதே 1969இல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடாக அமைந்தது. கொலை முகாமில் கண்ணால் கண்டவர்கள் கொல்லப்பட்டுவிட்ட பிறகு இதை யார் வந்து நிறுவுவது? இதற்கிடையே, 1968இல் வேறு ஏதோ ஒரு சட்டத்தின் இணைப்பாக நிறைவேறிய திருத்தம், கொலைக்கு உடந்தையாக இருந்தவர்களில் பெரும் பகுதியினர் மீதான வழக்குகளை ஓசையின்றிக் காலாவதியாக்கிவிட்டது.

நிலைமை மாறியது 2011 மே 12 அன்று. சோபிபோரில் காவலராக இருந்த ஜான் டெம்யான்யுக்குக்கு எதிரான வழக்கில், தனிப்பட்ட கொலை எதையும் சுட்டிக்காட்டாமலேயே, 28,060 பேரின் கொலைக்கு அவர் உடந்தை என்று மியூனிக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோபிபோர் இருந்ததே கொல்வதற்காக. அங்கே காவல் நின்றவர் அந்த வேலைக்குத் துணை நின்றவர் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பவர் நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு சொன்னதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதையடுத்து 2013இல் லுட்விக்ஸ்புர்க் அலுவலகம் அவுஷ்விட்ஸில் காவலர்களாக இருந்த முப்பது பேரின் கோப்புகளை வழக்குத் தொடரப் பரிந்துரைத்தது. அவுஷ்விட்ஸில் கைதிகளின் பணத்தை எண்ணி வகைப்படுத்திய ஓஸ்கர் க்ரோனிங் மீதான விசாரணை 1985இல் கைவிடப்பட்டிருந்தது. அதே மனிதருக்கு 2015இல் லியூனெபுர்க் நீதிமன்றம் மூன்று லட்சம் கொலைகளுக்கு உடந்தை என்று நான்கு ஆண்டுச் சிறை விதித்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த முப்பது ஆண்டுகளில் மாறியது சட்டத்தைப் படித்த விதம் மட்டுமே.

காலவரம்பு எதுவும் இல்லையா?

கொலைக்கு இல்லை. மேற்கு ஜெர்மனியில் ஒரு காலத்தில் இருந்தது. 1965லும் 1969லும் நீட்டிக்கப்பட்டு, 1979 ஜூலை 3 அன்று நாடாளுமன்றத்தில் 255க்கு 222 என்ற வாக்குகளில் முற்றாக நீக்கப்பட்டது. பதினேழு வாக்குகள் இடம் மாறியிருந்தால் பிற்காலத்தில் ஒரு வழக்கும் நடந்திருக்காது. போர்க்குற்றங்களுக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் காலவரம்பு பொருந்தாது என்ற ஐ.நா. உடன்படிக்கை 1968இல் உருவானது.

கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவரை எப்படிக் குற்றவாளி என்பது?

மேலதிகாரியின் கட்டளை குற்றப் பொறுப்பிலிருந்து ஒருவரை விடுவிக்காது என்பது, போர் முடிந்ததும் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் வழக்குகளிலேயே நிலைநாட்டப்பட்ட விதி. இன்னொன்றும் இங்கே முக்கியமானது. ‘மறுத்திருந்தால் என்னையே சுட்டிருப்பார்கள்’ என்று பலரும் வாதாடியிருக்கிறார்கள். ஆயுதமற்ற மக்களைக் கொல்ல மறுத்ததற்காக ஒரு ஜெர்மன் வீரர் உயிரையிழந்தார் என்று மெய்ப்பிக்கும் ஒரு நிகழ்வையாவது காட்டும்படி பல பத்தாண்டுகளாகக் கேட்கப்பட்டும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களால் காட்ட முடியவில்லை. போர்முனைக்கு மாற்றல் கேட்டுப் போனவர்கள் இருந்தார்கள். முகாமில் நின்றவர்களுக்கு அது கடினமான வழியாக இருந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வழி இருந்தது.

நூறு வயதுக்காரரைக் கூண்டில் ஏற்றுவது கருணையற்ற செயல் ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். நடுங்கும் கையும் மங்கிய கண்ணுமாக ஒருவர் அமர்ந்திருப்பதைப் பார்க்கும்போது இரக்கம் பிறப்பது இயல்பு. அந்த இரக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அதே கூடத்தில் எதிர் இருக்கைகளில் இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். ஜெர்மன் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அரசோடு சேர்ந்து இணை வழக்குதாரர்களாக ஆகலாம். அவர்களும் தொண்ணூறு கடந்தவர்கள். அவர்களுடைய தாயும் தம்பியும் தங்கையும் முதுமையைப் பார்க்கவே இல்லை. தங்களுக்கு நடந்ததை ஒரு நீதிபதியின் முன்னிலையில், பதிவாகும் சாட்சியமாகச் சொல்வதற்கு அவர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் எத்தனை ஆண்டு சிறையில் இருப்பார் என்பது அவர்களில் பலருக்கு இரண்டாம் கவலையே. நடந்தது குற்றம் என்று நாடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அது தவிர, இவர்கள் முதுமை அடைந்தது தண்டனை இல்லாமல் கழிந்த ஆண்டுகளால்தான். தண்டனையிலிருந்து தப்பிய காலம் நீள நீள மன்னிப்புக்கான உரிமையும் வளரும் என்று ஒப்புக்கொண்டால், நன்றாக ஒளியத் தெரிந்தவருக்கே சட்டம் சாதகமாகிவிடும்.

இத்தகைய விசாரணை எப்படி நடக்கிறது?

முதலில் மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். நடப்பதைப் புரிந்துகொள்ளவும் தம் தரப்பைச் சொல்லவும் முடியாதவர் மீது வழக்கு நடத்த முடியாது. மறதி நோய் முற்றிய பலருடைய வழக்குகள் இவ்வாறு கைவிடப்பட்டுள்ளன. தகுதியுள்ளவர் என்றாலும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்போல மட்டுமே அமர்வு நடக்கும். சாக்சன்ஹவுசன் முகாமின் காவலராக இருந்த யோசப் ஷூட்ஸுக்காக, அவர் வீட்டுக்கு அருகிலிருந்த விளையாட்டு அரங்கில் நீதிமன்றத்தையே அமைத்தார்கள். தாம் அங்கே பணியாற்றவே இல்லை என்று அவர் இறுதிவரை சாதித்தார். ஆவணங்கள் வேறுவிதமாகச் சொன்னதால் 2022 ஜூனில், 101 வயதில், ஐந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஸ்டுட்ஹோஃப் முகாம் தளபதியின் அலுவலகத்தில் தட்டச்சுப் பணி செய்த இர்ம்கார்ட் ஃபுர்ஷ்னரின் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். முதல் நாள் விசாரணைக்கு வராமல் முதியோர் இல்லத்திலிருந்து டாக்சியில் ஏறிப் போய்விட்டார். சில மணி நேரத்தில் ஹாம்புர்க்கில் கண்டுபிடிக்கப்பட்டார். குற்றம் நடந்தபோது அவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது என்பதால், 96 வயதில் இளையோர் நீதிமன்றத்தில் அவர் மீது விசாரணை நடந்தது. அலுவலகத்தில் இருந்தவருக்கு வெளியே நடந்த கொலைகள் தெரிந்திருக்குமா என்பதே வழக்கின் மையம். இரண்டு நீதிபதிகள் போலந்தில் உள்ள அந்த முகாமுக்கு நேரில் சென்று, அவர் பணிபுரிந்த கட்டடத்திலிருந்து எதையெல்லாம் பார்க்க முடிந்திருக்கும் என்று ஆராய்ந்தார்கள். கைதிகள் கூட்டமாக வந்து நின்ற இடம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தை என்று 2022 டிசம்பரில் தீர்ப்பு வந்தது; இரண்டு ஆண்டுத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. நடந்த அனைத்துக்கும் வருந்துவதாக, வழக்கின் முடிவில்தான் அவர் சுருக்கமாகச் சொன்னார். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

பலர் சிறைக்கே போகவில்லையே, பிறகு எதற்கு இந்தப் பாடு?

உண்மைதான். க்ரோனிங் 2018இல் சிறைக்குச் செல்லுமுன் இறந்தார். டெம்யான்யுக், ஷூட்ஸ் இருவரும் மேல்முறையீடு முடியுமுன் இறந்ததால், சட்டப்படி அவர்கள் மீதான தீர்ப்புகள் இறுதி நிலையை எட்டவே இல்லை. சாக்சன்ஹவுசனின் மற்றொரு காவலர் மீதான வழக்கு, உடல்நிலை பற்றிய வாதங்களால் இழுபட்டு, விசாரணை தொடங்குமுன்பே 2025இல் அவருடைய நூறாவது வயதில் இறப்போடு முடிந்தது. இவை வலிக்கும் தோல்விகள்தாம்.

எனினும் தீர்ப்புரை என்ற ஆவணம் மிஞ்சுகிறது. எந்த முகாமில், எந்த மாதங்களில், எந்த முறையில், எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதை, எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையைத் தாண்டி நிற்கும் சான்றுகளோடு அது பதிவு செய்கிறது. படுகொலை நடக்கவேயில்லை என்று பேசுபவர்களுக்கு எதிராக, வரலாற்று நூலுக்கு இல்லாத ஒரு வலு அந்தப் பதிவுக்கு உண்டு.

தவறான ஆளைப் பிடித்துவிட்டால்?

அந்த ஆபத்து மெய்யானது. டெம்யான்யுக்கின் முந்தைய வழக்கே அதற்குச் சான்று. ட்ரெப்ளிங்காவில் நச்சுவாயு அறையை இயக்கிய ‘கொடூர இவான்’ இவர்தான் என்று உயிர் தப்பியவர்கள் பலர் மனமாரச் சாட்சி சொன்னதன் பேரில், 1988இல் இஸ்ரேலிய நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. சோவியத் ஆவணக் காப்பகங்கள் திறந்தபோது, அந்த இவான் வேறொருவர் என்று காட்டும் வாக்குமூலங்கள் கிடைத்தன. 1993இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து அவரை விடுவித்தது. கொல்லப்பட்டவர்களின் நாடே, சந்தேகத்தின் பலனை அந்த மனிதருக்கு வழங்கியது. அவர் சோபிபோரில் இருந்தார் என்பது பிறகு ஆவணங்களால் தனியே நிறுவப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முகத்தை நினைவுகூரும் சாட்சியத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதும், காகிதச் சான்று இன்றியமையாதது என்பதும் அந்த வழக்குக்குப் பிறகு எல்லோரும் ஏற்றுக்கொண்ட நெறி.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்க நீதிமன்றங்களுக்கு ஐரோப்பாவில் நடந்த இந்தக் கொலைகளை விசாரிக்கும் அதிகாரம் இல்லை. எனவே, குடியேறும்போது கடந்த காலத்தை மறைத்தார் என்ற அடிப்படையில் குடியுரிமையைப் பறித்து வெளியேற்றும் வழியை எடுத்தார்கள். இதற்காக 1979இல் நீதித்துறையில் தனிப்பிரிவு அமைக்கப்பட்டது; பெர்கர் அவ்வாறு வெளியேற்றப்பட்ட எழுபதாவது நபர். பிரிட்டன் 1991இல் தனிச்சட்டம் இயற்றியும், 1999இல் ஒரே ஒருவருக்கு மட்டுமே தண்டனை வாங்கித்தர முடிந்தது. ஆஸ்திரேலியாவில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

ஒருவர் இறந்துவிட்டார் என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

மெங்கலே 1979இல் பிரேசிலின் கடற்கரை ஒன்றில் மூழ்கி இறந்தார். வேறொருவர் பெயரில் புதைக்கப்பட்டார். அதை அறியாமல் உலகம் மேலும் ஆறு ஆண்டுகள் அவரைத் தேடியது. 1985இல் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டன; 1992இல் மரபணுச் சோதனை ஐயத்தைத் தீர்த்தது. மவுட்ஹவுசன் முகாமின் மருத்துவர் அரிபர்ட் ஹைம் விஷயத்தில் உடல் கிடைக்கவில்லை. மதம் மாறி, வேறு பெயரில் கெய்ரோவின் விடுதி ஒன்றில் வாழ்ந்த அவருடைய பெட்டி, கடிதங்களும் மருத்துவக் குறிப்புகளுமாக 2009இல் வெளிப்பட்டது. அவர் 1992இல் இறந்தார் என்று 2012இல் ஜெர்மன் நீதிமன்றம் ஏற்று வழக்கை முடித்தது.

நாஜிகளை மட்டும்தான் தேடுகிறார்களா?

இல்லை. முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டு நீதிமன்றம் குற்றம் சாட்டிய 161 பேரில் ஒருவர்கூடக் கணக்கில் வராமல் போகவில்லை. போஸ்னிய செர்பியர்களின் அரசியல் தலைவராக இருந்த ரடோவான் கராட்ஜிச், தாடியும் நீண்ட முடியுமாக மாற்று மருத்துவர் வேடத்தில் பெல்கிரேடில் வாழ்ந்து 2008இல் பிடிபட்டார். அவர்களுடைய படைத் தளபதி ராட்கோ ம்லாடிச் 2011இல் ஒரு கிராமத்து உறவினர் வீட்டில் பிடிபட்டார்.

ருவாண்டா வழக்குகளில் முதுமை மீண்டும் குறுக்கே நின்றது. பிடிபட்ட கபுகாவுக்கு மறதி நோய் இருந்ததால், அவர் விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று முடிவாகி, 2023இல் வழக்கு காலவரையின்றி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், நியாங்கே தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துட்சிகளின் கொலையில் குற்றம் சாட்டப்பட்ட ஃபுல்ஜென்ஸ் கயிஷெமா தென்னாப்பிரிக்காவின் பார்ல் நகரில் கைதானார். எஞ்சியிருந்த இருவரும் முன்பே இறந்துவிட்டார்கள் என்று 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டதோடு, ருவாண்டாவுக்கான பன்னாட்டு நீதிமன்றத்தின் தேடல் பட்டியல் முடிவுக்கு வந்தது. ருவாண்டாவின் சொந்த அரசு வழக்கறிஞர் அலுவலகம் தேடும் பட்டியலிலோ இன்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பல நாடுகளில் பரவிக் கிடக்கிறார்கள்.

இனி என்ன நடக்கும்?

நாஜிக் குற்றங்களைப் பொறுத்தவரை இனி ஒரு தீர்ப்பு வருமா என்பது ஐயமே. லுட்விக்ஸ்புர்க்கின் கோப்புகள் இப்போதே வரலாற்று ஆய்வாளர்களுக்கும், தாத்தா என்ன செய்தார் என்று அறிய விரும்பும் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்பட்டு வருகின்றன.

அங்கே கற்றுக்கொண்ட வேலைமுறை வேறிடத்தில் தொடர்கிறது. சிரியாவில் நடந்த குற்றங்களுக்கான சான்றுகளைப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே திரட்டிப் பாதுகாக்க, 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஒரு தனி அமைப்பை உருவாக்கியது. சிரிய உளவுத்துறைச் சிறையொன்றில் விசாரணைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அன்வர் ரஸ்லான் ஜெர்மனிக்கு அகதியாக வந்திருந்தார். அந்தச் சிறையிலிருந்து தப்பி அதே நாட்டுக்கு வந்திருந்தவர்கள் அவரை அடையாளம் காட்டிச் சாட்சி சொன்னார்கள். கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது அவருக்கு வயது 58.